கரிநாள் ராத்திரிக்குப் பதினெட்டு இலை

பென்னாகரம்
ஜனவரி 5, 2025, ஞாயிறு

17ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்று அரசு அறிவித்தாலும் அறிவித்தது, போன் ஓயவில்லை. அதற்குப் பதிலாக 25ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. செவ்வாய் பொங்கல், புதன் மாட்டுப் பொங்கல், வியாழன் கரிநாள், அப்புறம் மூன்று நாள் சும்மா. ஓசூரிலிருந்து கொழுந்தனார் குடும்பம், பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பம், காரிமங்கலத்திலிருந்து என் தம்பி வீடு, எல்லாருமாகச் சேர்ந்து கரிநாளன்று ஒகேனக்கல் போவதாக முடிவாகியிருக்கிறது. தருமபுரி வழியாக வந்தால் பென்னாகரத்தைத் தாண்டாமல் ஒகேனக்கல் போக முடியாது. ஓசூர்க்காரர்களுக்கு அஞ்செட்டி வழி இருக்கிறது, ஆனால் அந்தக் காட்டு ரோட்டின் வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுக்கும், வழியில் அண்ணி வீட்டுக் காபியும் கிடைக்காது. ஆகவே போகும்போது காபி, திரும்பும்போது ராத்திரிச் சாப்பாடு. குழந்தைகளையும் சேர்த்து 18 இலை.

போன கரிநாளில் பிரியாணி, வறுவல், குழம்பு, சிக்கன் 65, முட்டை மசாலா என்று போய், இலை போடும்போது மணி பத்தரை. குழந்தைகள் முறுக்கைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போயின. கடைசிப் பந்தியில் நானும் ஓரகத்தியும் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஒரே ஒரு சட்டம்: சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அடுப்பில் புதிதாக ஏறுவது களி மட்டும்தான். குழம்பு நேரம் ஆக ஆக ருசிக்கும். கறியும் மசாலாவும் நாலைந்து மணி நேரம் சேர்ந்திருந்தால்தான் ஒன்றுக்கொன்று பிடிக்கும். களி அப்படியில்லை. கிண்டி அரை மணி நேரத்தில் உருண்டையாக இலைக்கு வந்தாக வேண்டும், தாமதித்தால் மேலே ஏடு கட்டிவிடும். மற்றதெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கு வழிவிட வேண்டும்.

அத்தையிடம் சொன்னேன். "அப்ப பிரியாணி?" என்றார். இல்லை என்றேன். "கரிநாளுக்கு ஆட்டுக்கறி இல்லாமயா?" அது உண்டு, பிதுக்கம்பருப்பு போட்டுக் கறிக்குழம்பு என்றதும் முகம் தெளிந்தது. கறிக்குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, கறி சாப்பிடாதவர்களுக்குத் தனியாகப் பிதுக்கம்பருப்பு, சோறு, ரசம், மோர், களி. பொரியல் கிடையாது, வடை கிடையாது.

ஒரு முழுத்தாளில் மூன்று கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வேலை, நாள், யார். முதல் இரண்டையும் நான் நிரப்பினேன். மூன்றாவதைக் காலியாக விட்டேன். தண்ணீர் எடுக்க வந்த என் வீட்டுக்காரர் நின்று படித்தார். "இதுல என் பேர் எங்க?" என்றார். பேனாவைக் கொடுத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காரிமங்கலம் சந்தை நாள். அடுத்த செவ்வாய் பொங்கல் என்பதால் பண்டிகைக்கு முந்தைய பெரிய சந்தை இன்றுதான். தம்பி அங்கிருந்தே போன் செய்தான். பின்னால் கோழியும் ஆடும் மனிதர்களும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ரெண்டு சேவல் பாத்து வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோவுக்குக் குறையாது. வெல தான் கொஞ்சம்..."

"வாங்குடா. 15ஆம் தேதி இதைவிட ஏத்திச் சொல்வான்."

சேவல்கள் அவன் கொல்லையிலேயே இருக்கட்டும், 16ஆம் தேதி காலை அறுத்து, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்த்து, துண்டு போட்டு எடுத்துவரட்டும் என்று சொல்லிவிட்டேன். போன முறை சேவலை முன்கூட்டியே இங்கே கொண்டுவந்து கட்டினோம். விடிகாலை மூன்று மணிக்கு அது கூவியதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஜனவரி 9, வியாழன்

ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. இந்த வருஷம் பணம் இல்லையே என்று வரிசை நெடுக முணுமுணுப்பு. அவர் போய் வாங்கிவந்தார். பச்சரிசி பொங்கலுக்கு ஆச்சு. ஆளுயரக் கரும்பைப் பஸ்ஸில் கொண்டுவந்த கதையை ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 11, சனி

மாவு மில் வேலை முடிந்தது. பொங்கல் வாரம் வந்துவிட்டால் மில்லில் மிளகாய், மல்லி, பச்சரிசி மாவு என்று வரிசை தெருவுக்கு வந்துவிடும். கேழ்வரகைப் போன ஞாயிறே கழுவி, கல் அரித்து, மொட்டை மாடியில் காயப்போட்டேன். மார்கழி வெயில் பத்து மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. வெயில் காலத்தில் ஒரே நாளில் காய்கிற தானியம் இப்போது இரண்டு, மூன்று நாள் எடுக்கிறது. ஈரம் இருக்கும்போது அரைத்தால் மாவு கட்டி பிடித்து நாற ஆரம்பிக்கும்.

எங்கள் மாவட்டத்தில் 2023லிருந்து ரேஷனிலேயே அரிசியில் 2 கிலோவைக் குறைத்து 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். தருமபுரியிலும் நீலகிரியிலும்தான் முதலில் ஆரம்பித்தார்கள். அத்தைக்கு அதில் ஒரு சிரிப்பு. அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் சோறு பண்டிகைச் சாப்பாடு, களி தினச் சாப்பாடு. இப்போது பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து களி தின்பதற்கென்று வருகிறார்கள்.

கணக்கு: 1 கிலோ மாவுக்கு இரண்டேகால் லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய கைப்பிடி நொய். நடுத்தர உருண்டை பத்து தேறும். பெரியவர்கள் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று, சிறியவர்களுக்குப் பாதி, இரண்டாவது கேட்கிறவர்கள் இரண்டு பேர் நிச்சயம். ஒன்றே முக்கால் கிலோ போதும். அத்தை "ரெண்டரை போடு" என்கிறார். 2 கிலோவில் நின்றோம்.

கூட வேலை பார்க்கும் டீச்சருக்குக் கடத்தூர் பக்கம் வீடு. அவரிடம் சொல்லி வெல்லம் வாங்கினேன். கடத்தூரில் பொங்கல் சமயத்தில் வெல்ல ஏலம் களைகட்டும். கருமையாக, கொஞ்சம் பிசுக்காக இருந்ததைத்தான் கேட்டு வாங்கினேன். பார்க்கப் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது.

ஜனவரி 12, ஞாயிறு

மசாலா நாள். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், கசகசா, பட்டை கிராம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, அரைத்து, இரண்டு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன். 'கோழி', 'ஆடு'. தேங்காய் மட்டும் அன்றைக்குத்தான். முன்னாலேயே அரைத்து வைத்த தேங்காய் குழம்பைக் கெடுத்துவிடும்.

இன்று ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு விட்டு விட்டுத்தான் வரும், பண்டிகைச் சமயத்தில் எப்போது என்று சொல்ல முடியாது. போர் தண்ணீர் இருக்கிறது, பாத்திரம் கழுவ ஆகும். ஆனால் அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது. அதோடு இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். சமையலுக்கும் குடிக்கவும் என்று நான்கு குடமும் இரண்டு டிரம்மும் பிடித்து மூடி வைத்தாயிற்று. 'யார்' கட்டத்தில் அவர் பெயர் இருந்த வேலை. நான் நினைவுபடுத்தவில்லை. அவரே போய்ப் பார்த்து, அவரே பிடித்தார்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பத்தாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்தும்போது உதாரணமாகச் சொல்வேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், ஒரு நாளைக்குப் பெண்கள் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அப்படி வேலை செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். பையன்கள் சிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் சிரிப்பதில்லை. எனக்கு அந்த 299இலேயே ஒரு சந்தேகம் உண்டு. கரும்பலகையில் இடைநிலை அளவு போட்டுக்கொண்டிருக்கும்போது 'பட்டை தீர்ந்துவிட்டதே' என்று தோன்றுகிறதே, அந்த நிமிடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வறுப்பதும் அரைப்பதும் அலுப்பில்லை. இன்னும் என்ன பாக்கி என்று பத்து நாள் ஓயாமல் மண்டைக்குள் ஓடுவதுதான் அலுப்பு. தாளில் எழுதியதும் அது பாதி குறைந்தது. இன்னொருவர் தன் பெயரை எழுதியதும் மீதியும் குறைந்தது.

ஜனவரி 13, திங்கள்

போகி. பள்ளி உண்டு. முடிந்து வந்ததும் காப்புக் கட்டினோம். வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. அத்தை பூளைப்பூவைப் பக்கத்துத் தோட்டத்து வரப்பிலேயே பறித்து வைத்திருந்தார்.

இட்லிக்கு அரைத்தேன். இந்தக் குளிரில் ராத்திரி அரைத்துக் காலையில் சுட முடியாது, மாவு கல்லாட்டம் கிடக்கும். நாளை சாயங்காலத்துக்குள் பொங்கினால் போதும், புதன் காலைக்குத்தான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலோ பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, அத்தைக்குத் திருப்தி. கடத்தூர் வெல்லம் நன்றாக இருந்தது. மதியம் தூங்கினேன்.

ஜனவரி 15, புதன்

அவரைக்கொட்டை நாள்.

நேற்று ராத்திரியே காயை உரித்து, கொட்டையைத் தண்ணீரில் போட்டாயிற்று. பனி இறங்கினால்தான் அவரைக்கு வாசம் என்பார் அத்தை. உரித்த விரலில் அந்தப் பிசுக்கு வாசம் காலை வரை இருந்தது. டிசம்பர் முதல் வாரப் புயல் மழையில் அரூர், ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகிப் போனது. அவரை இந்தத் தை மாதம் கண்ணில் படுமா என்றுகூடப் பயந்தேன். விலை கூடத்தான், ஆனால் கிடைத்தது.

மதியம் நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்ற கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் அண்டாவை வைத்துவிட்டேன். ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முளை இருக்கும் பக்கத்தை வெளியே காட்டி, ஒரு அமுக்கு. தோல் கையில் நிற்கும், பிதுக்கம்பருப்பு எகிறி ஓடும். முதலில் ஒருவன் தங்கையின் மூக்கைப் பார்த்து அடித்தான். அப்புறம் யார் அதிக தூரம் என்று போட்டி. நாத்தனாரின் கடைசிப் பையன் பெங்களூரில் இதை 'ஹிதகின பேளே' என்று கடையில் உரித்தே விற்கிறார்கள் என்றான். "அப்ப நீ வாங்கிக் குடுத்துட்டு வெளையாடப் போ" என்றார் அத்தை. அவன் போகவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் அண்டா காலி. கதவிடுக்கிலும் டிவிக்குப் பின்னாலும் கிடந்த பருப்பைப் பெருக்கி எடுத்ததுபோக இரண்டு டப்பா நிறைந்தது. பிரிட்ஜில் வைத்தேன், நாளை வரை அசையாது.

மாட்டுப் பொங்கல் எங்கள் வீட்டில் இப்போது பெயருக்குத்தான், மாடு இல்லை. பக்கத்துப் பட்டியில் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள், குழந்தைகள் அங்கே ஓடிவிட்டன. சாயங்காலம் டிவி பார்த்தபடியே இரண்டு கிலோ சின்ன வெங்காயமும் பூண்டும் உரிந்தன. உரித்தது யார் என்று தாளில் ஐந்து பெயர் இருக்கிறது. ஒருவர் கையெழுத்தே போட்டிருக்கிறார்.

ஜனவரி 16, வியாழன்

காலை ஆறு மணிக்கு அவர் கறிக்கடைக்குப் போனார். கரிநாள் கூட்டம். ஏழரைக்கு மூன்று கிலோ ஆட்டுக்கறியோடு வந்தார், கொஞ்சம் எலும்போடு, நான் எழுதிக்கொடுத்தபடி. ஓசூர்க்காரர்கள் எட்டரைக்கு. தம்பி ஒன்பதுக்கு, சேவல் கறியோடு. காபி குடித்துவிட்டு எல்லாரும் ஒகேனக்கல் கிளம்பினார்கள். வீட்டில் நான், அத்தை, ஓரகத்தி.

"அக்கா, நீங்களும் போயிருக்கலாம்ல?" என்றாள் ஓரகத்தி. வருஷம் முழுக்கப் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஒகேனக்கல். கரிநாள் கூட்டத்தில், பரிசல் துறையில் வெயிலில் காத்து நிற்பதைவிட எனக்கு வீட்டுத் திண்ணை மேல்.

சேவல் முதலில். நாட்டுச் சேவல் லேசில் வேகாது, குக்கரில் எட்டு விசில் விட்டும் தொடையைக் கிள்ளிப் பார்த்துத்தான் இறக்கினேன். அடுத்து ஆட்டுக்கறி, முக்கால் வெந்ததும் பிதுக்கம்பருப்பு. பருப்பை முன்னால் போட்டால் கரைந்துவிடும், பின்னால் போட்டால் குழம்பு அதற்குள் இறங்காது. கறி சேராத பருப்புக் குழம்பு தனி அடுப்பில், தனிக் கரண்டி. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. இறக்கி மூடி வைத்தோம். ஆறு மணிக்கும், இலை போடுமுன்னும் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பது மட்டும் பாக்கி. ஓரகத்தி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். நான் பேப்பர் படித்தேன். கரிநாள் மதியத்தில் பேப்பர்!

ஆறரைக்கு வண்டிகள் திரும்பின. நாத்தனார் வீட்டுக்காரர் கையில் ஒரு பாலிதீன் பை, அதில் இரண்டு கிலோ மீன், அப்போதுதான் பிடித்ததாம். முகமெல்லாம் சிரிப்பு. "ஆத்து மீன்மா! சூடா பொரிச்சுட்டா..."

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். நாளை வெள்ளிக்கிழமை, இந்த வீட்டில் கவிச்சி கிடையாது, எடுத்து வைக்கவும் முடியாது.

"அண்ணா, கொல்லைல விறகடுப்பு இருக்கு, தோசைக்கல் இருக்கு. மசாலா அலமாரில மூணாவது தட்டு. மீன் கழுவற தண்ணிய மட்டும் முருங்கை மரத்துக்கிட்ட ஊத்துங்க."

ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் பொரித்துக் கொடுக்கிற சமையல்காரப் பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள், அவர்களிடம் மதியம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எண்ணெயில் பாதி அடுப்பில் கொட்டியது. மீன் முதல் தரம்.

ஏழேகாலுக்குக் களி. நான்கரை லிட்டர் தண்ணீரில் உப்பும் நொய்யும் போட்டு, நொய் மலர்ந்ததும் மாவை நடுவில் மலைபோல் கொட்டினேன். கலக்கவில்லை. துடுப்பின் காம்பை நடுவில் இறக்கி ஒரு குழி. அந்தக் குழி வழியே தண்ணீர் மேலே கொப்பளித்து வந்து மாவை நனைக்க வேண்டும். தீயைத் தணித்து, மூடி, பத்து நிமிடம். அப்புறம் மேலே நிற்கும் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துத் தனியே வைத்தேன். இதுவரை என் பெயர். இனிமேல் தாளில் கொழுந்தனார் பெயர்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும்போது ஊரில் ஆண்கள்தான் துடுப்புப் பிடிக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அதே துடுப்பு பெண்கள் பொருளாகிவிடுகிறது. கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அடியில் ஈரச் சாக்கு, அதன் மேல் குண்டா, இரண்டு பக்கமும் ஈரத்துணியால் அவர் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஓரத்துல அழுத்திக் கிண்டுடா, நடுவுல சுத்தாத" என்றார் அத்தை, நாற்காலியிலிருந்து.

"கட்டி தட்டுதும்மா."

"கட்டிய ஓரத்துல வெச்சு நசுக்கு. அண்ணிகிட்ட அந்த வடிச்ச தண்ணி கேளு, ஒரு கரண்டி."

குத்தி, மடித்து, அழுத்தி, வியர்வை வழிய ஏழெட்டு நிமிடம். கருஞ்சிவப்பாகப் பளபளக்க ஆரம்பித்தது. அத்தை விரலைத் தண்ணீரில் தொட்டு மேலே வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. மூடி, தணலில் ஐந்து நிமிடம் புழுங்கவிட்டு, ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டினோம். உருட்டியது நாத்தனார், சுடச்சுட, "ஸ் ஸ்" என்று சொல்லிக்கொண்டே.

எட்டு மணிக்குப் பதினெட்டு இலை, ஒரே பந்தி. கூடத்தில் இடம் போதாமல் நடையில் நாலு இலை. பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் கை நீட்டிப் போட்டுக்கொள்ள விட்டோம். பரிமாற ஆள் நிற்காமல் விருந்தா என்று அத்தை ஒரு தரம் சொன்னார், ஒரே தரம்தான். நானும் அந்தப் பந்தியில் சூடான களியோடு உட்கார்ந்தேன். உருண்டையில் குழி பண்ணி, கோழிக்குழம்பை ஊற்றி, விரலால் கிள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பெங்களூர்ப் பிள்ளைகளுக்குத் தம்பி பாடம் எடுத்தான். மதியம் மீன் சாப்பாடு பலமாக ஆகியிருந்ததால் சோறு பாதி மிஞ்சியது. பத்து மணிக்கு அடுப்படி விளக்கு அணைந்தது.

ஜனவரி 17, வெள்ளி

மிஞ்சிய மூன்று உருண்டையை ராத்திரியே தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு பெரியவர்கள் குடித்தார்கள். சோறு மாட்டுப் பட்டிக்குப் போனது. வாடகைக்கு எடுத்த அண்டாவையும் குண்டாவையும் தம்பி காரில் போட்டுக் கடையில் இறக்கிவிட்டான்.

கிளம்பும் முன்னால் கொழுந்தனார் செல்போனில் அடுத்த வருஷத்துக் காலண்டரைப் பார்த்தார். 2026இல் பொங்கல் 15ஆம் தேதி வியாழன். மாட்டுப் பொங்கல் வெள்ளி. கரிநாள் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு தை அமாவாசை.

"சனிக்கிழமை நான் கறி தொட மாட்டேன்" என்றார் அத்தை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார் நாத்தனார், பாதி காதில் வாங்கிக்கொண்டு. அமாவாசை என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிதுக்கம்பருப்பும் களியும் போதும், கறிக்கடை வரிசையும் மிச்சம். கொழுந்தனார் ஒப்பவில்லை. "கறி இல்லாம கரிநாளா அண்ணி? அம்மாவுக்கு மட்டும் பருப்பு, மத்தவங்களுக்குக் கறி." அண்ணாவோ மீன் தன் பொறுப்பு என்கிறார். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்.

"ஒரு வருஷம் கழிச்சு வந்தா மட்டும் அது சனிக்கிழமை இல்லாம போயிடுமா?" என்றார் அத்தை.